ராஃபிள்ஸ் பிளேஸில் குடியிருக்கலாமா? பழைய அலுவலகக் கட்டட வீடுகள் பற்றி

கேள்வி சுருக்கமாக இது. சிங்கப்பூரின் செங்காங்கில் சொந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் ஒரு தம்பதி. இருவருக்கும் வேலை ராஃபிள்ஸ் பிளேஸை ஒட்டிய ஷென்டன் வே அலுவலக வட்டாரத்தில். மகன் தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். காரைக்குடியிலிருந்து அம்மா அவ்வப்போது வந்து தங்குவார். வெளிநாடுகளில் பழைய அலுவலகக் கட்டடங்கள் வீடுகளாக மாறுவதைப் பார்த்து இவர்களுக்கும் ஆசை வந்திருக்கிறது. "நம் ஊரில் அப்படி வீடு கிடைக்குமா? கிடைத்தால் குடும்பத்தோடு வாழ முடியுமா? வாங்குவதா, வாடகைக்குப் போவதா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு இருக்கலாம், அதற்கு இடம் உண்டு. சொந்தமாக வாங்க வேண்டும் என்றால், உண்மையிலேயே அலுவலகமாக இருந்து வீடாக மாறிய உயரமான கட்டடம் இங்கே மிக அரிது. வாழ வசதியாக இருக்குமா என்பது கட்டடத்தின் அழகைவிட அது எழுந்த காலத்தைப் பொறுத்தது. ஏர்கான் பரவுவதற்கு முன்பு கட்டியதா, பின்பு கட்டியதா என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கட்டடங்களின் குளிர்சாதனம், குழாய், மின்சாரம் இவற்றைப் பராமரிக்கும் வேலையிலேயே என் காலம் போயிருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

முதலில், நம் ஊரில் இருக்கும் நல்ல உதாரணத்தைப் பார்ப்போம். ஃபின்லேசன் கிரீன் முனையில் நிற்கும் ஏஷியா இன்சூரன்ஸ் கட்டடம் 1955இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் உள்ளூர்க் கட்டடக் கலைஞர் இங் கெங் சியாங். 18 மாடி. அந்தக் காலத்தில் தென்கிழக்கு ஆசியாவிலேயே உயரமான அலுவலகக் கட்டடம் என்று பேர் வாங்கியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அலுவலகமாக ஓடிய பிறகு, 2006இல் அஸ்காட் குழுமம் அதை 109.5 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) வாங்கியது. 2007இல் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவிக்கப்பட்டது. 2008இல் 146 வீடுகள் கொண்ட சர்வீஸ் அபார்ட்மெண்டாக, அதாவது ஹோட்டல் போன்ற சேவையோடு வாடகைக்கு விடும் வீடுகளாகத் திறந்தார்கள். இன்றைக்கும் 'அஸ்காட் ராஃபிள்ஸ் பிளேஸ்' என்ற பெயரில் இயங்குகிறது. நீங்கள் நினைத்த மாதிரியான இடம் என்றால் இதுதான். ஆனால் இங்கே எந்த வீட்டையும் தனியாக விலைக்கு வாங்க முடியாது. சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்று அனுமதி பெற்ற கட்டடத்தை வீடு வீடாகப் பிரித்து விற்க நகர மறுசீரமைப்பு ஆணையம் விடுவதில்லை. குறைந்தது 7 நாள் தங்க வேண்டும். நீண்ட காலத்துக்கும் வாடகைக்கு எடுக்கலாம்.

மற்ற புகழ்பெற்ற அலுவலகக் கட்டடங்கள் பெரும்பாலும் ஹோட்டல்களாகிவிட்டன. 1928இல் கட்டப்பட்டு, தலைமைத் தபால் நிலையமும் அரசாங்க அலுவலகங்களும் இருந்த ஃபுல்லர்ட்டன் கட்டடம் 2001இல் ஹோட்டலானது. ராபின்சன் ரோட்டில் இருந்த பழைய தந்தி அலுவலகக் கட்டடத்துக்கும் அதே கதிதான். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஹோட்டல் அறைக்கு ஒரு ஜன்னலும் ஒரு குளியலறையும் போதும். வீட்டுக்குச் சமையலறை, துணி உலர்த்த இடம், ஏர்கான் இயந்திரம் வைக்க இடம், இரண்டு மூன்று அறைகளுக்கும் தனித்தனியே ஜன்னல் எல்லாம் வேண்டும்.

இன்னொரு வகை உண்டு. "முன்பு பிரபலமான அலுவலகக் கட்டடம் இருந்த இடத்தில் வீடு" என்று விற்பனை முகவர்கள் சொல்வார்கள். ஷென்டன் வேயில் எழுபதுகளில் எழுந்த 40 மாடி யுஐசி கட்டடம் இடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் 2017இல் 'வி ஆன் ஷென்டன்' வந்தது. 510 வீடுகள். நல்ல கொண்டோதான் (தனியார் அடுக்குமாடி), குறை சொல்லவில்லை. ஆனால் பழைய கட்டடத்தின் ஒரு செங்கல்கூட அதில் இல்லை. வட்ட வடிவில் 52 மாடியாக நின்ற ஏஎக்ஸ்ஏ டவர், 1986இல் டிரஷரி கட்டடமாகக் கட்டியது, அதையும் இடித்துவிட்டார்கள். அங்கே அதைவிட உயரமான, வீடுகளும் சேர்ந்த கோபுரம் எழுகிறது. 2019இல் அரசாங்கம் கொண்டுவந்த சலுகைத் திட்டமும் இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. ஷென்டன் வே, ராபின்சன் ரோடு, சிசில் ஸ்திரீட், ஆன்சன், தஞ்சோங் பகார் பகுதிகளில் 20 ஆண்டு தாண்டிய அலுவலகக் கட்டடத்தை வீடுகளோ ஹோட்டலோ சேர்ந்த கட்டடமாக மாற்றினால், கட்டக்கூடிய பரப்பளவு 25 முதல் 30 விழுக்காடு வரை கூடும். கூடுதல் பரப்பு வேண்டும் என்றால் இடித்துக் கட்டுவதுதான் லாபம். பழைய கட்டடத்தின் வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே மாற்றுபவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. நாற்பது ஆண்டு கூட ஆகாத கான்கிரீட்டைத் தூளாக்குவது பெரிய விரயம்.

ஆனால் எல்லாக் கட்டடத்தையும் காப்பாற்றி வீடாக்க முடியும் என்று சொன்னால் அதுவும் பொய். இந்த இடத்தில்தான் காலம் என்ற விஷயம் வருகிறது.

ஏர்கான் இல்லாத காலத்தில் அலுவலகம் கட்டியவர்களுக்கு ஜன்னலை விட்டால் வேறு வழியில்லை. மேசைக்கு வெளிச்சம் வேண்டும், உடம்புக்குக் காற்று வேண்டும். அதனால் கட்டடத்தை மெல்லியதாகக் கட்டினார்கள், இல்லையென்றால் நடுவில் முற்றம் விட்டார்கள். கூரை உயரமாக இருக்கும், ஜன்னலுக்கு மேலே வெயிலையும் மழையையும் தடுக்க நீட்டல் இருக்கும். இவை எல்லாமே ஒரு வீட்டுக்கு வேண்டியவை. சிங்கப்பூரில் முழுக்க ஏர்கான் வசதியோடு வந்த முதல் பெரிய அலுவலகக் கட்டடம் ஆர்ச்சர்ட் ரோட்டில் இருக்கும் மெக்டொனால்ட் ஹவுஸ், 1949இல். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டடங்கள் பருத்தன. மின்தூக்கியும் கழிவறையும் இருக்கும் நடுத்தண்டிலிருந்து வெளிக் கண்ணாடி வரை 12, 15 மீட்டர் ஆழம் என்பது பின்னாளில் சாதாரணமாகிவிட்டது. ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம் உள்ளே 6, 7 மீட்டர் வரைதான் உருப்படியாக எட்டும். மிச்ச இடத்தில் அலுவலகம் என்றால் குழல் விளக்கைப் போட்டு மேசையைப் போட்டுவிடலாம். வீடு என்றால் அங்கே என்ன வைப்பது? படுக்கையறைக்கும் கூடத்துக்கும் இயற்கை வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்கிறது கட்டட விதி. ஆக, அந்த ஆழத்தில் குளியலறை, சாமான் அறை, நீண்ட இருட்டு நடைபாதை என்று இடத்தைக் கொட்ட வேண்டியதுதான். நீங்கள் பணம் கொடுக்கும் சதுர அடியில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போகலாம்.

நியூயார்க்கின் ஊல்வொர்த் கட்டடம் இதற்கு நல்ல சான்று. 1913இல் எழுந்தது. அதன் மேல் பகுதி ஒல்லியான கோபுரம், கீழ்ப் பகுதி அகலம். வீடுகளாக மாறியது மேலே இருக்கும் கோபுரம். கீழே இன்னும் அலுவலகம்தான்.

வலிமையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கும்படி வடிவமைப்பார்கள், அலுவலகத் தளத்தைச் சுமார் 250 கிலோவுக்கு. அந்த வகையில் அலுவலகம் வீட்டைவிடக் கெட்டி. சிக்கல் குழாயில்தான் இருக்கிறது. அலுவலக மாடியில் கழிவறை எல்லாம் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் இருக்கும். அதையே எட்டுப் பத்து வீடாகப் பிரித்தால் எட்டுப் பத்துக் குளியலறைகளுக்கும் சமையலறைகளுக்கும் கழிவுநீர் சரிவாக ஓட வேண்டும். தளத்தைத் துளைக்க வேண்டும், அல்லது குளியலறைத் தரையை உயர்த்த வேண்டும். மாற்றியமைத்த கட்டடத்தில் குளியலறை வாசலில் ஒரு படி ஏறுவது இதனால்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால், வீடு பார்க்கும்போதே அந்தப் படியைக் கவனியுங்கள்.

அலுவலகம் வீடாவதற்கு நேர்மாறான ஒன்றும் இப்போது நம் கண்முன்னால் நடக்கிறது. 1973இல் கட்டி 2021இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸில் கடை, அலுவலகம், வீடு எல்லாம் ஒன்றாக இருந்தன. புதுப்பிப்புக்குப் பிறகு பழைய கட்டடம் அலுவலகமும் கடையுமாக இருக்கும். வீடுகள் பக்கத்தில் எழும் புதுக் கோபுரத்துக்குப் போகின்றன.

உங்கள் அம்மா காரைக்குடி என்பதால் ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. ராஃபிள்ஸ் பிளேஸில் குடியிருப்பது என்பது நம்மவர்களுக்குப் புதிது இல்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான கூடத்தில் வரிசையாகப் பெட்டியடி (பணப்பெட்டி வைத்து உட்காரும் இடம்) போட்டு, பகலில் வட்டிக்கடை, இரவில் அதே கூரைக்குக் கீழே சாப்பாடு, தூக்கம். பக்கத்துத் தெருக்களில் சீனர்களின் கடைவீடுகளிலும் (கீழே கடை, மேலே வீடு) அதே வாழ்க்கைதான். 1947இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பழைய குடியிருப்பாளர்களை எழுப்ப முடியாமல் இருந்தது. 1969இல் தனிச் சட்டம் போட்டு, 'கோல்டன் ஷூ' என்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரத்தில் மட்டும் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். உரிமையாளர்கள் நிலத்தைத் திரும்பப் பெற்று உயரமான அலுவலகங்களைக் கட்டினார்கள். கிட்டங்கிகளும் போயின. செட்டியார்கள் டேங்க் ரோடு பக்கம் நகர்ந்தார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஆளில்லாத ஊராக அந்த இடம் மாறியது அப்புறம்தான். இன்றைக்கு அதே மார்க்கெட் ஸ்திரீட்டில், 2021இல் கட்டி முடித்த 280 மீட்டர் உயர கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடத்தில், அலுவலகங்களோடு உணவங்காடி நிலையமும் 299 சர்வீஸ் அபார்ட்மெண்ட்களும் இருக்கின்றன. வேலையும் வீடும் ஒரே தெருவில் என்ற பழைய ஏற்பாடு, வேறு வாடகையில், வேறு ஆட்களோடு திரும்ப வந்திருக்கிறது.

சரி, அன்றாட வாழ்க்கைக்கு வருவோம்.

நம் குடும்பங்களுக்கு முதல் கேள்வி சமையல்தான். சர்வீஸ் அபார்ட்மெண்ட்களில் பெரும்பாலும் மின் அடுப்பு, சின்ன மேடை. அடுப்புக்கு மேலே இருக்கும் புகை உறிஞ்சி பல இடங்களில் புகையை வெளியே தள்ளுவதில்லை. கரி வடிகட்டி வழியாகச் சுற்றி அதே அறைக்குள் விடும். கடுகு தாளித்து, மிளகாய் வற்றல் போட்டு, மீன் குழம்பு வைத்தால் வாசனை கூடத்துத் திரைச்சீலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நடைபாதை முழுக்க ஏர்கான் போட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகும். புகை உணர்கருவி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் அலாரம் அடிக்கும். இதை அற்பமாக நினைக்காதீர்கள். ஒரு வீட்டில் வழக்கமாகச் சமைப்பதைச் சமைக்க முடியாவிட்டால் அங்கே மூன்று மாதத்துக்கு மேல் மனம் ஒட்டாது. வெளிப்பக்கம் திறக்கும் சமையலறை ஜன்னல் இருக்கிறதா, உறிஞ்சியின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் இரும்புத் தோசைக்கல் வேலை செய்யும். மண்சட்டி, ஈயச்சொம்பு எல்லாம் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

துணி உலர்த்துவது அடுத்தது. வீவக வீட்டில் மூங்கில் கழியில் போட்டுவிடுவோம். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் முகப்பில் கழியும் மாட்ட முடியாது, ஏர்கான் இயந்திரமும் தொங்கவிட முடியாது. ஜன்னலின் வடிவத்தைக்கூட இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். உலர்த்தும் இயந்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர்கான் மையமாக ஓடுகிறதா, உங்கள் வீட்டுக்குத் தனியா என்றும் கேளுங்கள். அலுவலகக் காலத்து அமைப்பை வைத்துக்கொண்டு ஓட்டும் இடங்களில் இரவில் குளிர் போதாது, அல்லது குறைக்க முடியாது. கட்டணம் மின்கட்டணத்தில் வருமா, பராமரிப்புக் கட்டணத்தில் வருமா என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

வட்டாரத்தைப் பற்றி நல்லதே அதிகம் சொல்வேன். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்காவும் அல்-அப்ரார் பள்ளிவாசலும், சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. தெலுக் ஆயரிலிருந்து டௌன்டவுன் ரயில் தடத்தில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியா போய் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கி வரலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேறு உலகம். அமோய் ஸ்திரீட் உணவு நிலையத்தில் வார இறுதியில் பல கடைகள் மூடியிருக்கும். லாவ் பா சாட் உணவு நிலையம் திறந்திருக்கும், அங்கே மாலையில் சத்தேக் கடைகளின் புகையும் கூட்டமும் இருக்கும். போட் கீ பக்கம் ஜன்னல் இருந்தால் வெள்ளி, சனி இரவுகளில் மதுக்கூடங்களின் இரைச்சல் கேட்கும். பகலில் போக்குவரத்தைத் தடுக்க முடியாததால் சாலை வேலைகளை இரவில்தான் செய்வார்கள். கார் வைத்திருந்தால் நிறுத்துமிடம் எத்தனை, சாலைக் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுங்கள்.

மகனின் பள்ளி எனக்குப் பெரிய தடையாகத் தெரிகிறது. நீங்கள் இருவரும் மிச்சப்படுத்தும் பயண நேரத்தை அவன் செங்காங்குக்குப் போய் வருவதில் செலவழிப்பான். தொடக்கநிலை ஆறில் தேசியத் தேர்வு இருக்கிறது. பள்ளி மாற்றும் எண்ணம் இல்லை என்றால் இந்த இடமாற்றத்தைத் தேர்வுக்குப் பிறகு தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து.

பணமும் விதிகளும்: செங்காங் வீட்டை முழுவதுமாக வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தால், உரிமையாளர் குடிமகனாக இருக்க வேண்டும். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம், பெரும்பாலான வீடுகளுக்கு 5 ஆண்டு, முடிந்திருக்க வேண்டும். நிரந்தரவாசிகள் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. வீவக வீட்டை வைத்துக்கொண்டே குடிமக்கள் இரண்டாவதாகத் தனியார் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரி 20 விழுக்காடு. நிரந்தரவாசிகள் தனியார் வீடு வாங்கினால் 6 மாதத்துக்குள் வீவக வீட்டை விற்றாக வேண்டும். வெளிநாட்டவருக்கு 2023 ஏப்ரல் முதல் அந்த வரி 60 விழுக்காடு. சாதாரணத் தனியார் வீட்டை 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு எடுக்கவோ விடவோ முடியாது. அலுவலகமாக அனுமதி பெற்ற இடத்தில் கட்டில் போட்டுத் தங்குவது சட்டவிரோதம். "வீடு மாதிரியே பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று யாராவது குறைந்த வாடகையில் காட்டினால் விலகிவிடுங்கள். அனுமதிக்கப்பட்ட பயன்பாடு எது என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம்.

கட்டடத்தின் உடம்பைப் பற்றியும் கேளுங்கள். 20 ஆண்டு தாண்டிய, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடத்தின் முகப்பை 7 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. தூண், உத்தரம் போன்ற கட்டமைப்பின் சோதனை, முழுக்கக் குடியிருப்பு என்றால் 10 ஆண்டுக்கு ஒருமுறை, மற்றவற்றுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை. கடைசிச் சோதனை எப்போது நடந்தது, என்ன பழுது பார்த்தார்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். கட்டடங்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பயன்படுத்துவது 1989இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய கட்டடத்தில் சுவரையோ கூரைப் பலகையையோ நீங்களாக உடைக்கக் கூடாது, முதலில் பரிசோதனை.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது இது. பள்ளி விடுமுறை சேர்ந்து வரும்படி ஒரு குறுகிய காலத்துக்குப் பழைய கட்டடத்தில் வாடகைக்கு இருந்து பாருங்கள். அம்மா வந்திருக்கும் சமயமாக இருந்தால் இன்னும் நல்லது, சமையலறையின் உண்மை நிலவரம் அவர் வாயிலிருந்தே வந்துவிடும். பிடித்துப்போய்ச் சொந்தமாக வேண்டும் என்று தோன்றினால், கோபுரங்களை விட்டுவிட்டுக் கடைவீடுகளின் மேல்மாடிகளைத் தேடுங்கள். சைனாடவுன், தெலுக் ஆயர், டக்ஸ்டன், லிட்டில் இந்தியா வட்டாரங்களில் பல காலம் அலுவலகமாக இருந்து, மறுபடி வீடாகத் திரும்பியவை உண்டு. 5, 6 மீட்டர் அகலம், நடுவில் காற்றுமுற்றம், உயரமான கூரை. வாழ்வதற்கென்றே கட்டியது என்பதால் உள்ளே வெளிச்சம் வரும். மேல்மாடிக்குக் குடியிருப்பு அனுமதி இருக்கிறதா, குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம் என்ற இரண்டையும் வழக்கறிஞரை வைத்துச் சரிபார்க்க வேண்டும். மின்தூக்கி இருக்காது, படி செங்குத்தாக இருக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது முகவர் சொல்லும் நேரத்துக்கு மட்டும் போகாதீர்கள். வேலைநாள் இரவு ஒருமுறை, ஞாயிறு மதியம் ஒருமுறை போங்கள். ஏர்கானை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து, கால்மணி நேரம் உட்காருங்கள். ஜன்னல் திறக்கவே இல்லை என்றால் அதுவே ஒரு பதில். விளக்கை அணைத்துவிட்டு வீட்டின் நடுவில் நின்று பேப்பர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மின்தூக்கியோ குளிர்சாதன இயந்திர அறையோ இருக்கிறதா என்று கேளுங்கள், இரவு முழுக்க முனகும். எல்லாம் ஒத்துவந்தால், சமையல், புகைபோக்கி, ஏர்கான் கட்டணம் பற்றி வாய்வார்த்தையாகச் சொன்னதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சாதாரண வாடகை ஒப்பந்தம் என்றால் கையெழுத்திட்ட 14 நாளுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும். வழக்கமாக அது வாடகைக்கு வருபவரின் பொறுப்பு, 4 ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு.